அழ ஆளில்லாத அடக்கம்

பாம்பு ஏணி அட்டையில் தொண்ணூற்றெட்டில் கடிபட்டு என் காய் எட்டாம் கட்டத்துக்கு வழுக்கிய மத்தியானத்தில்தான் அந்த யோசனை வந்தது. கடிபடுமுன் காய்க்கு ஒரு வாய் இருந்தால்? பாம்பை மிதிக்கிறேன், சுற்றிப் போகிறேன், கெஞ்சிப் பார்க்கிறேன் என்று அது சொல்ல முடிந்தால்? சாயங்காலத்துக்குள் அப்பாவின் பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டுவிட்டேன். அப்பா தாம்பரத்தில் பள்ளி வாத்தியார். வீட்டில் சைக்ளோஸ்டைல் தாளுக்குப் பஞ்சமில்லை.

நடுவில் திருநீர்மலை. மழைக்காலத்தில் அடிவாரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்குமே, அதைக் கடலாக்கினேன். மலைமேல் புதையல், கரையில் ஓர் ஓடக்காரன். கதை சொல்பவன் நான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரர். என்ன செய்கிறாய் என்று கேட்பேன். அவர்கள் சொன்னது பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். எனக்குப் பதினொரு வயது. இப்படியொரு விளையாட்டை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆட்டத்துக்கு அக்கா, சித்தப்பா மகன், அத்தை மகன். அத்தையும் அவனும் அந்த மழையில்தான் பெரம்பூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்திருந்தார்கள். அத்தையின் இடது கையில் கட்டு. குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் ஏன் வந்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை. ஆட்டத்துக்கு இன்னொரு ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

முதல் ஆட்டத்திலேயே அத்தை மகன் ஓடக்காரனை வெட்டினான்.

“அவனை ஏன்டா?” என்றாள் அக்கா.

“மூஞ்சி புடிக்கல.”

“இனிமே ஓடத்தை யார் ஓட்டுறது?”

“நீந்திக்கினு போ.”

நீந்தினோம். சித்தப்பா மகனின் வீரன் மூழ்கிப்போனான். அவன் நிஜமாகவே அழுதான். மறுநாள் சத்திரக்காரன், அதற்கு மறுநாள் காவல்காரன், பிறகு வழி சொல்ல வந்த பெரியவர். யாரும் மலையை எட்டவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. பாம்பை விட்டேன், பட்டாளத்தை அனுப்பினேன், கொன்றால் மூன்று சுற்று உட்கார வேண்டும் என்றேன். அத்தை மகன் மூன்று சுற்றும் சுவரில் சாய்ந்து பொறுமையாக உட்கார்ந்திருப்பான். நாலாவதில், “வெட்டறேன்.”

அவன் இருந்தால் வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவனைத் துரத்தவும் முடியாது. ஒரே வீடு, ஒரே பாய். என் விளையாட்டு ஒரு வாரத்தில் செத்துவிடும் போலிருந்தது.

வழி கோவிலில் கிடைத்தது. ஞாயிறு ஆராதனையில் ஆயர் அடக்க அறிவிப்பு வாசித்தார். இன்னார், இன்ன வேலை பார்த்தவர், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் துக்கத்தில் இருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே புது ரூலை முடித்துவிட்டேன். கொன்றவன்தான் அடக்கம் பண்ண வேண்டும். எழுந்து நின்று, செத்தவன் யார், என்ன வேலை, அழுகிறவர்கள் யார் என்று அறிவிக்க வேண்டும். அதுவரை கட்டை உருளாது.

முதலில் அவன் அதையும் கிண்டலாக்கினான். “வயசு நூத்திப்பத்து. வேலை, பீடி குடிக்கறது. அழுவறது ஒரு ஆடு.” அக்காகூடச் சிரித்தாள். ஆனால் எழுந்து நிற்கிற சள்ளைக்கே கொலைகள் குறைந்தன. இரண்டே நாளில் தண்ணீரைத் தாண்டிவிட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடிவாரத்தில் ஒரு வீடு வைத்திருந்தேன். கதவைத் தட்டுகிறாய், ஓர் ஆள் திறக்கிறான் என்றேன்.

“குட்ச்சிகீறானா?” என்று கேட்டான் அத்தை மகன்.

கதைக்குச் சுவையாக இருக்கட்டுமே என்று ஆமாம் என்றேன்.

வெட்டினான். கட்டையும் அவன் பக்கம்தான் விழுந்தது. செத்துட்டான்டா என்று அக்கா சொன்ன பிறகும், “இன்னொருவாட்டி” என்றான். அப்புறம் இன்னொருவாட்டி.

பிறகு எழுந்து நின்றான். இந்தத் தடவை கிண்டல் இல்லை. “லேத் பட்டறைல வேலை. ஒரு பொண்டாட்டி, ஒரு பையன். அழுவறது யாரும் இல்ல.”

“அதெல்லாம் கிடையாது, மச்சான். பையன் இருக்கானில்ல, அவன் அழணும்.”

“அவன் அழுவல.”

“அழணும். ரூல்.”

“அழுவமாட்டான்னு சொல்றேன், இன்னா பேஜார் பண்றே?”

நான் கட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். வாசற்படியில் ஒற்றைக் கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவன் குனிந்து வரைபடத்தை எடுத்து நாலாகக் கிழித்தான், என் வாயில் ஒரு குத்து விட்டான், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். என் உதட்டில் ரத்தம். அத்தை அவனைத் திட்டவில்லை. முறத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். அழுதுவிட்டான், ஆக ரூல் ஜெயித்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அத்தையை அழைத்துப்போகப் பெரம்பூரிலிருந்து மாமா வந்தார். சலவைச் சட்டை, பிஸ்கட் பொட்டலம். அப்பாவோடு ஒரு மணி நேரம் தணிந்த குரலில் பேசினார். குடும்பம் என்றால் முன்னேபின்னே இருக்கும் என்று அப்பா சொன்னது மட்டும் காதில் விழுந்தது. டிரங்குப் பெட்டி வெளியே வந்தது. மாமா குழந்தைகளிடம் அருமையாகப் பேசுவார். என் உதட்டைப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன்: கதவைத் திறந்த குடிகாரன், லேத் பட்டறை, அழாத பையன், எல்லாம்.

மாமா சிரித்தார். “லேத் பட்டறையா?” என்று திரும்பக் கேட்டார். மகனின் தலைமேல் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. அத்தை மகன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன்.

மின்சார ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போனார்கள். நான் அன்றைக்கே புது வரைபடம் போட உட்கார்ந்தேன். தொல்லை விட்டது.

மாமாவுக்கு லேத் வேலை என்பது எனக்கு அப்போதே தெரியும். குழாயடியில் வழுக்கிய கையும் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. ஆட்டத்தைக் கெடுக்கிற ஒருவனை அடக்குவது எப்படி என்பதுதான் அன்றைக்கு என் கவலையெல்லாம்.

அத்தை மகன் இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறான். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வரும் சனிக்கிழமை காலேஜ் விட்டதும் சைக்கிளில் போகலாம் என்றிருக்கிறேன். வெள்ளைத் தாளும் தாயக்கட்டையும் மட்டும் எடுத்துப்போவேன். வரைபடத்தை அவன் போடட்டும், கதையை அவன் சொல்லட்டும், ரூலும் அவனுடையது. அவன் என்னை எந்த வீட்டு முன்னால் நிறுத்துகிறானோ, அந்தக் கதவைத் தட்டிவிட்டு நிற்பேன்.