அரவணைப்புக்கு மதிப்பெண்

எங்கள் பள்ளி நிர்வாகம் இன்று வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை எடுத்தது. முதல்வர்களை மதிப்பிடும் தாளை ஆசிரியர்கள் அனைவரும் நீல மையில்தான் நிரப்ப வேண்டும். பாரபட்சத்துக்கு இடம் கொடுக்கக் கூடாதாம்.

பரவைக் கிளைக்கு முதல்வர் செல்வராணி மேடம், தல்லாகுளம் கிளைக்குத் தங்கவேல் சார். இரண்டுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்த மதிப்பீடு. தாமதமாக வரும் ஆசிரியரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பதில் இருவருமே சளைத்தவர்கள் அல்லர்.

ஐந்தாவது கேள்வி: ‘ஆசிரியர்களைத் தாயைப் போல அரவணைக்கிறாரா?’

என் பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார் முருகன், செல்வராணி மேடத்துக்குப் பூஜ்ஜியம் போட்டார்.

“கேட்ல வச்சு அம்புட்டுப் பேரு முன்னாடி கத்துச்சுண்ணே. பொம்பள மாதிரியா பேசுது?”

“சாரும்தானப்பா கத்துறாரு?”

“அவரு ஆம்பள. கண்டிப்பு இல்லாம நிர்வாகம் நடக்குமா?”

“சரி, அவருக்கு இதுல எம்புட்டுப் போட்ட?”

“ஆம்பளகிட்டப் போயி தாய்ப்பாசத்த எதிர்பாக்க முடியுமாண்ணே? பொருந்தாதுன்னு எழுதிட்டேன்.”

ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். பொருந்தாத கேள்வியைச் சாருக்குக் கணக்கில் சேர்க்காமல் சராசரி எடுக்கலாம் என்று நிர்வாகமும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தது.

அச்சுக்குப் போகும் முன் அந்தத் தாள் தமிழாசிரியரான என்னிடம்தான் வந்தது. ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். கேள்வியைத் திருத்த யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது.

மாலையில் மேடம் என்னிடம், “மத்ததுல எல்லாம் ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்காம்ல ஐயா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா” என்றேன்.

திங்கட்கிழமை முதல் மேடத்துக்கு விடுப்பு வேண்டுமென்றால் தங்கவேல் சாரிடம் அனுமதி பெற வேண்டும்.