பூங்காவுக்குப் போன புல்வெளி

டென்மார்க்கில் பால் பண்ணையில் வேலை செய்து பழகிய நகுலேஸ்வரிக்கு, லண்டனுக்கு வந்த பிறகு கடையில் சாமான் அடுக்கும் வேலை ஒத்துவரவில்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஆற்றோரமாக, நகரசபையான கவுன்சிலின் மேய்ச்சல் வெளி ஒன்று இருந்தது. அதில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்து, பசுக்கன்றுகளை வளர்த்துப் பண்ணைகளுக்கு விற்றுவந்தாள். ரோசா என்ற கிழப்பசுவை மட்டும் விற்க மனம் வரவில்லை. அடுத்த துண்டில் ரொய் என்ற வெள்ளைக்காரர் குதிரைகள் மேய்த்தார்.

அந்த வெளியைப் பூங்காவாக்கப் போவதாக 2009இல் கவுன்சில் அறிவித்தது. இலங்கையில் போர் முடிந்த செய்திகளால் தமிழ் வீடுகளெல்லாம் சாவீடாகக் கிடந்த நேரம் அது. கோடையில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். மண்டபம் நிறையத் தமிழரைக் கண்டதும் நகுலேஸ்வரிக்குத் தெம்பு வந்தது. தனக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

ரொய் எழுந்து, குதிரைகளை எங்கே கொண்டுபோவது என்று சத்தம் போட்டார். அடுத்து, மாடிக் குடியிருப்பில் இருக்கும் சிவகௌரி எழுந்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவளுடைய மகள். பூங்கா வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகுலேஸ்வரியின் பக்கம் திரும்பினாள்.

"குறை நினையாதேங்கோ அக்கா. லிஃப்ட் பழுதெண்டால் இவள் கிழமைக் கணக்கா வீட்டுக்குள்ளதான். இறங்கினாலும் போக ஒரு இடமில்லை."

மற்றத் தமிழர்களும் கைதட்டினார்கள். நகுலேஸ்வரியைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வரும் வழியில் கணவர் வாமதேவன் கேட்டார்: "நீர் ஏன் கதைக்கேல்லை?"

"என்னத்தைக் கதைக்கிறது? அவள் சொன்னதில என்ன பிழை? அதுக்காக என்ர மாடுகளுக்குப் பசிக்காதே?" சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது.

இலையுதிர் காலத்தில் வேலி அடைத்தார்கள். கன்றுகளை வந்த விலைக்கு விற்றாள். கிழப்பசுவை யாரும் கேட்கவில்லை. லண்டனுக்கு வெளியே எசெக்ஸில் வேறு இடம் பிடித்த ரொய்தான் தன் குதிரைகளோடு அதையும் ஏற்றிப்போனார். கார் ஓட்டத் தெரியாத நகுலேஸ்வரியால் நினைத்தபோது அங்கே போய்வர முடியவில்லை.

மார்கழிக் குளிரில் ஒருநாள் ரொய் போனில் அழைத்தார். ரோசா சில நாட்களாகத் தீனி எடுக்கவில்லையாம். காலையில் போய்ப் பார்த்தபோது செத்துக் கிடந்ததாம்.

வாமதேவன் வேலையால் வந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் அதைச் சொல்லவில்லை.