விற்பனை நின்றபோது வந்த அழைப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், வெள்ளவத்தையில் நடந்தது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு மாடிக் குடியிருப்பில் நான் தனியாக இருக்கிறேன். அம்மா போன பிறகு வீட்டில் வேறு ஆளில்லை. சகோதரர்கள் கனடாவில், அவர்களுக்கு விடியும்போது எனக்கு இருட்டத் தொடங்கிவிடும்.

குழந்தைகளுக்குப் பருத்திச் சட்டைகள் தைத்து, இணையச் சந்தை ஒன்றில் விற்று வந்தேன். துணி வாங்கப் பணம் போதவில்லை. வங்கியில் கேட்டபோது, பிணை நிற்க இரண்டு பேரைக் கூட்டி வரச் சொன்னார்கள். வீடு வரும் வரை யோசித்தேன். கேட்கக்கூடிய ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை.

கடைசியில், பிணை கேட்காத ஒரு நிறுவனம் முற்பணம் தந்தது. ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். விற்பனை இல்லாவிட்டால் கட்டத் தேவையில்லை. அதற்காக என் கடைக் கணக்கை எந்நேரமும் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரோ யன்னலால் எட்டிப் பார்ப்பது போல, அது எனக்குப் பிடிக்கவேயில்லை.

அந்த மழையோடு காய்ச்சல் வந்தது. சும்மா காய்ச்சல்தானே என்று குளிசை போட்டுக்கொண்டு படுத்தேன். காய்ச்சல் விட்டது, ஆனால் எழும்ப முடியவில்லை. ஓயாத வயிற்றுவலி, பல் துலக்கினால் இரத்தம். வந்த ஓடர்கள் அனுப்பப்படாமல் கிடந்தன. பிறகு ஓடர்களும் நின்றன. எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும். கூப்பிடலாம் போலிருக்கும். பெயரே தெரியாதவரை என்னவென்று கூப்பிடுவது? சகோதரர்கள் பயப்படுவார்கள் என்று அவர்களுக்கும் சொல்லவில்லை.

ஒரு காலை அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். நகரின் மறுபக்கம், கொட்டாஞ்சேனையில் இருக்கும் பிள்ளை; முன்பு ஒருமுறை கதைத்திருக்கிறோம். பணத்துக்குத்தான் என்று நினைத்து, சுகமானதும் விற்பனையைத் தொடங்கிவிடுவேன் என்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"காசுக்காக எடுக்கல்ல அக்கா. உங்க கடைக் கணக்குல ஒண்ணுமே அசையல்ல, அதான் எடுத்தேன். உங்க குரல் சரியில்ல. பக்கத்துல யாரு இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்லை, தங்கச்சி."

அதைச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நிறுவனத்தில் நான் கொடுத்திருந்த முகவரியைப் பார்த்து, மதியத்துக்குள் அவள் ஓட்டோவில் வந்துவிட்டாள். என்னைத் தாங்கிப் பிடித்துப் படியிறக்கினாள். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து, இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கூட வந்திருப்பவர் யார் என்று தாதி சிங்களத்தில் கேட்டாள். நான் யோசிக்காமல், "நங்கி" என்றேன். தங்கை. அந்தப் பிள்ளை மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் சில தடவை அழைத்து, சாப்பிட்டேனா என்று கேட்டாள். தைத்த சட்டை ஒன்றைக் கொடுக்கலாம் என்றால், அவள் வீட்டில் குழந்தைகள் இல்லையாம். பிறகு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். அடுத்த வருடம் என் முற்பணமும் தீர்ந்தது. இனி உங்கள் கணக்கைப் பார்க்க மாட்டோம் என்று நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. கடன் தீர்ந்தால் நிம்மதி என்பார்கள். எனக்கு அன்று வீடு இன்னும் வெறுமையாக இருந்தது. நான் ஓய்ந்துபோனதைக் கவனிக்க இந்த நகரத்தில் ஒருத்தி இருந்தாள் என்ற நினைப்பில்தான் இன்றும் தனியாகப் படுத்துத் தூங்குகிறேன்.