வெற்றிலை பாக்கோடு போன பதக்கம்

வங்காளத்தில் கிடர்பூர் துறைமுகத்தில் எனக்குக் கப்பல் கம்பெனி குமாஸ்தா வேலை. சணல் சாக்கு ஏற்ற வரும் கப்பல்களில் மாலுமிகள் வெள்ளிப் பதக்கங்கள் கொண்டுவருவார்கள். தென்னமெரிக்காவில் நாடுகள் சுதந்திரம் பெற்று நூறு வருஷமானதற்காக அடித்தவை. எனக்கு அதில் பைத்தியம். பவானிபூர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். ஒன்றில் ஒரு பெண், முறித்த விலங்கைத் தூக்கிப் பிடித்து நிற்பாள். கீழே 'லிபர்டாட்' என்று எழுத்து. அது சுதந்திரம் என்று இங்கிலீஷ் தெரிந்த எவனுக்கும் விளங்கிவிடும்.

ஊரிலோ வெடிகுண்டு வழக்குகள். சுதேசி நோட்டீஸ் ஒன்று அகப்பட்டாலே ஆளை அள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்காரரே போலீஸ் இன்ஸ்பெக்டர். அப்படியிருந்தும் ஏனடா சேர்த்தாய் என்றால், ஆசைதான், வேறென்ன.

வரலக்ஷ்மி நோன்புக்கு மறுநாள் பெட்டியைத் திறந்தேன். விலங்கு முறித்தவளைக் காணோம். மனைவியைக் கேட்டேன்.

"தாம்பூலத்துல வைக்க வெள்ளிக்காசு ஒண்ணு குறைஞ்சுது. அதை வச்சுப் பக்கத்தாத்து பௌதிக்குக் கொடுத்துட்டேன். அந்தக் காசுல இருக்கறவ பாக்க லக்ஷ்மியாட்டமா இருந்தா" என்றாள்.

பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. அந்த இன்ஸ்பெக்டரின் மனைவியைத்தான் அப்படி அழைப்போம்.

தாம்பூலத்தில் கொடுத்ததை யாராவது திருப்பிக் கேட்பார்களா? கேட்டால் சந்தேகம்தான் வரும். மற்ற பதக்கங்களை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் சோறு இறங்காது. நான் ஜெயிலுக்குப் போனால் இவளும் கைக்குழந்தையும் இந்த ஊரில் யார் வாசலில் போய் நிற்பார்கள்? அவள்மேல் எரிந்து விழுந்தேன். அதுவும் பயத்தால்தான்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டேன். மனைவி கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

போனால், அங்கே அவர்கள் வாராவாரம் செய்யும் லக்ஷ்மி பூஜை. என் பதக்கம் அம்மன் காலடியில் இருந்தது. முகம், விலங்கு, எழுத்து எதுவும் தெரியாதபடி பௌதி அதில் சிந்தூரத்தை அப்பியிருந்தாள்.

"எந்தக் கோயில் காசு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

காஞ்சீபுரம் என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, விலங்கு முறித்தவள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்து பிரசாதம் வாங்கிக்கொண்டார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, எதிர்த்தெருவில் ஒரு கல்லூரிப் பையனின் வீட்டைச் சோதனை போடக் கிளம்பினார்.