சங்கிலியைப் பிடித்தவர்

ஒரு நிமிடம் பிந்தினாலும் சிவப்பு மையில் குறித்துவிடும் டைம்கீப்பர் அவர், எங்கள் தொழிற்சாலை வாசலில். ஐம்பது வயதிருக்கும். எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானைக் கழற்றாத மனிதர்.

தொண்ணூற்றொன்றில் ஒரு மாலை, ஷிப்டு முடிந்து வரும்போது ஒரகடம் கூட்டுரோட்டில் அவரைப் பார்த்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி டிபன் பையில் வைத்துவிட்டு, சைக்கிளில் ஏறிக் காத்திருந்தார். காலி மணல் லாரி ஒன்று மெதுவாகத் திரும்பியது. அதன் பின்பக்கச் சங்கிலியை எட்டிப் பிடித்தார். மிதிக்காமலே சைக்கிள் பறந்தது. சட்டை முதுகில் உப்பி நிற்க, ஏரிமேல் சரிந்திருந்த வெயிலுக்குள் சத்தமில்லாமல் கரைந்துபோனார்.

மறுநாள் காலை வாசலில் அவரிடம் கேட்டேன். "வூட்டுக்குச் சீக்கிரம் போவணும்னு உயிரை வுடலாமா சார்?"

"வூடு வல்லக்கோட்டையில கீது தம்பி. லாரி போறது வாலாஜாபாத் பக்கம். அத்தினி தூரமும் மிதிச்சுகினுதான் திரும்பி வரேன்."

"பின்ன எதுக்கு சார்?"

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "பயமாத்தான் கீது. அந்தப் பயத்துல மணி இன்னான்னே தோண மாட்டேங்குது."

பிறகு என் பெயருக்கு நேராக இரண்டு நிமிடத் தாமதத்தைச் சிவப்பு மையில் எழுதினார். எழுதி முடித்து விரித்த உள்ளங்கையில் நேற்றைய சங்கிலித் துரு அப்படியே இருந்தது. அதைக் கழுவ அவருக்கு மனம் வரவில்லை போலும்.