ஒல்லாந்து மாப்பிள்ளைக்கு நான் காட்டும் தீபம்

என்னைப் பெற்ற தகப்பனை மறைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரனை என் பாட்டன் பூட்டன் என்று சொன்னவன் நான்!

சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள். நீங்கள் சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

லண்டனுக்கு வருமுன் நெதர்லாந்தில் இருந்தோம். அங்கே பழைய சாமான் சந்தையொன்றில் அந்தப் படத்தை வாங்கினேன். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த தேவாலயக் கல்யாணம். பெரிய தொப்பியோடு மாப்பிள்ளை, பக்கத்தில் பெண், நடுவே பாதிரியார். எனக்குப் பிடித்தது அதன் மரச்சட்டம் மட்டுமே! அதற்குள் பிள்ளையாரை வைக்க நினைத்திருந்தேன். சோம்பலில் படத்தை அப்படியே விம்பிள்டன் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன்.

2009இல் மூத்தவளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஊரிலிருந்து வந்த போர்ச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு நாங்கள் அழுது ஓய்ந்திருந்த வருடம் அது. வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்காதா என்று ஏங்கினேன். அவளுக்கும் பையனை மிகவும் பிடித்திருந்தது.

தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்த பையனின் தாய் கடும் சைவம். வடையைக் கையில் எடுத்தவர், சுவரைப் பார்த்ததும் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“உதென்ன அண்ணை, சேர்ச் கல்யாணம்? நீங்கள் வேதக்காரரோ?”

சட்டத்துக்காக வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பழைய சாமான் வாங்குகிறவன் என்று நினைத்துவிடுவார்களே என்ற வெட்கம்! வாய் தன்பாட்டில் ஓடியது.

“சீச்சீ, நாங்கள் பரம்பரைச் சைவம். உவர் எங்கட பூட்டன்ர பூட்டன், முதலியார் பட்டம் வாங்கினவர். ஒல்லாந்தர் எங்கட ஊரை ஆண்ட காலத்தில கல்யாணத்தைச் சேர்ச்சில எழுதினால்தானே பிள்ளையளுக்குக் காணி! அங்க எழுதிப்போட்டு, வீட்டை வந்து தாலி கட்டினவை.”

“ஆக்கள் வெள்ளையாக் கிடக்கினம்?”

“அது தாள் வெள்ளை, அக்கா.”

முதலியாராம்! என் தகப்பன் கொட்டிலில் கூலிக்குச் சுருட்டுச் சுற்றியவர்.

தேநீரோடு நின்ற மகள் டச்சில் படித்தவள். படத்தின் கீழே டச்சில் ‘கிராமத்துத் திருமணம்’ என்று மட்டுமே எழுதியிருந்தது அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள்... பிறகு தேநீரை அவர்களிடம் நீட்டினாள். பையனின் தாய் மறுபடியும் வடையை எடுத்தார். சம்பந்தம் முற்றாகியது!

“முதலியார் வீட்டுப் பிள்ளையெண்டு நாலு பேருக்குத் தெரியவேணும்” என்று படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார் சம்பந்தியம்மா. இப்போது அது அவர்களது சாமியறையில். மாப்பிள்ளைக்கு விபூதி, பெண்ணுக்குக் குங்குமம். பாதிரியாருக்கும் ஒரு பொட்டு!

ஆடி அமாவாசை, தகப்பனை இழந்தவர்கள் விரதமிருக்கும் நாள். அன்று என்னையும் அழைத்து, அன்றைக்கென்றே தேடிச் சமைக்கும் காத்தோட்டிக்காய்க் கறியோடு அந்தப் படத்துக்குப் படைப்பார்கள். என் தகப்பனின் படமோ என் அலுமாரியில், மடித்து வைத்த சேட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. அதை வெளியே எடுத்தால் சுருட்டுக் கொட்டிலும் வெளியே வரும். மாமியார் முன்னால் என் மகள் எப்படித் தலைநிமிர்வாள்? இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பொய்யைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“உங்கட ஆள்தானே அண்ணை, நீங்களே காட்டுங்கோ” என்று சம்பந்தியம்மா தீபத்தை நீட்டுவார்.

காட்டுகிறேன். அப்பாவை நினைத்துக்கொண்டு, அந்தத் தொப்பிக்காரனுக்குக் காட்டுகிறேன்... கண் கலங்கிவிடுகிறது.

உடனே அவர் வந்திருப்பவர்களிடம் திரும்புவார்.

“பாருங்கோ, முதலியாரில எவ்வளவு பாசம்!”