அழுகை இல்லாத வீடு

அன்று அந்த மலையூரில் நின்றவர்கள் நான்கு பேர். மணப்பெண் மெற்றில்டா. அவளுடைய தமையன் அருமைநாதன். அவளைக் கட்டவிருந்த வலன்ரைன். வலன்ரைனின் சித்தி திரேசம்மா. ஐந்தாவது ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. நால்வரும் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள், யாரும் கேட்டுப் பார்க்கலாம். இது நடந்தது. கதை கட்டித் திரிகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் கிடையாது.

1997ஆம் ஆண்டு, ஜூலை மாதம். வலன்ரைனின் தாய் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில், தங்கை திரேசம்மாவோடு இருந்தார். கலியாணம் மொன்றியலில். அவருக்குக் கனடா விசா கொடுக்கவில்லை. மகனின் கலியாணத்தைக் காண முடியாத தாய்க்கு மருமகளைக் கொண்டுபோய்க் காட்டுவது முறை. தாலி ஏறாத பெண்ணை மாப்பிள்ளையோடு தனியே அனுப்புவது முறையல்ல. ஆகவே அருமைநாதனும் கூடப் போனான்.

வலன்ரைனுக்கு மொன்றியல் துறைமுகத்தில் வேலை. அவனுடைய மேலாள் சல்வத்தோரே ஒரு சிசிலிக்காரர். அவர்தான் சொல்லி அனுப்பினார், தன் ஊரைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம் என்று. மலை உச்சியில், பழைய கோட்டையோடு, கல்லாலேயே கட்டிய ஊர். அவர் மட்டும் முப்பத்தாறு வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் என்று வலன்ரைன் கேட்கவும் இல்லை. ஊரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

பஸ் அடிவாரத்தில் இறக்கிவிட்டது. மேலே படி ஏறத்தான் வேண்டும்.

"மடு மாதா கோயிலுக்கு நடந்தனான், அதில ஒரு புண்ணியம். இதில என்ன கிடக்கு? இத்தாலியன்ர கல்லு!" என்று திரேசம்மா மூச்சு வாங்கினார்.

"கோட்டை பாக்க வந்தது சித்தி."

"கோட்டையை யாழ்ப்பாணத்திலயே பாத்தாச்சு. போங்கோ, நான் இதிலயே இருக்கிறன்."

சதுக்கத்துக் கல்லில் அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அமர்ந்தார். ஆண்கள் இருவரும் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போனார்கள். உச்சி வெயில் எரித்தது. கடைகள் பூட்டியிருந்தன. யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஊர் முழுவதும் உண்டுவிட்டு உறங்குகிற நேரம்.

மெற்றில்டா பக்கத்து ஒழுங்கையில் பத்தடி போயிருப்பாள். ஒரு வாசலில் பூச்சாடிகள் அழகாக இருந்தன. அவ்வளவுதான்.

முகில் இறங்கியது.

கடற்பக்கமிருந்து வந்தது. வெள்ளையாக, சத்தமில்லாமல். எதிரே இருந்த சுவர் காணாமல் போனது. சித்தி இருந்த சதுக்கமும்.

"சித்தி... அண்ணை..."

அவள் குரல்கூடத் தூரம் போகவில்லை. பஞ்சுக்குள் கதைத்ததுபோல் இருந்தது.

அப்போது ஒரு வாசல் தெரிந்தது. இரட்டைக் கதவில் ஒன்று சாத்தி, மற்றது திறந்திருந்தது. கறுப்பு உடுப்போடு ஒரு பெண் நின்றார். உள்ளங்கையைக் கீழே பிடித்து, நம்மவர்கள் கூப்பிடுவதுபோலவே, விரல்களை அசைத்துக் கூப்பிட்டார்.

மெற்றில்டா வளர்ப்புச் சரியான பிள்ளை. பெரியவர் ஒருவர் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாது. உள்ளே போனாள்.

சுவரோரமாகக் கதிரைகள். கறுப்பு உடுப்பில் ஆறு பெண்கள் இருந்தார்கள். கூப்பிட்டவரோடு ஏழு. நடுவில் நீளமான ஒரு மேசை, அதன்மேல் எதையோ மூடித் தரை வரை வெள்ளைத் துணி. சுவர்க் கண்ணாடியை எதனாலோ மூடியிருந்தார்கள். அடுப்பில் நெருப்பில்லை, ஈரச் சாம்பல் மட்டும். ஜூலை மாதம், ஆனால் அவளுடைய மூச்சு புகையாக வந்தது.

எங்கோ தண்ணீர் சொட்டியது.

டொக்... டொக்...

வெளியே மழை இல்லை.

இப்போது வாசிப்பவர்கள் கேட்பார்கள், பார்த்ததும் விளங்கவில்லையா என்று. விளங்காது. எங்கள் செத்தவீட்டில் ஒப்பாரி நாலு வளவுக்குக் கேட்கும். அழுகை இல்லாத செத்தவீட்டை அந்தப் பிள்ளை அறிந்ததே இல்லை. யாரோ விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

கோப்பி கொடுத்தார்கள். குளிர்ந்திருந்தது. வாயில் மண் கடிபட்டது. மரியாதைக்காகக் குடித்தாள்.

மூத்தவர் ஏதோ கேட்டார். மொன்றியல் பிரெஞ்சு பழகிய காதுக்கு அது பாதி விளங்கியது. எங்கிருந்து வருகிறாய்?

"மொன்றியல்."

ஏழு தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"சல்வத்தோரே..." என்றார் மூத்தவர். காற்றுப் போல.

மெற்றில்டாவுக்குச் சந்தோசம். தெரிந்தவரின் ஆட்கள்! "ஓம்... வுய், வுய்! சல்வத்தோரே. எங்கட அவர் அவரோடதான் வேலை."

அதன் பிறகு அவள் செய்தது, எங்கள் வீட்டுப் பெண் எவளும் செய்திருக்கக்கூடியதுதான். கலியாணம் நிச்சயமான பெண், பெரியவர்கள் முன்னால் இருக்கிறாள். சொல்லாமல் எழும்புவது மரியாதையில்லை. சல்வத்தோரேயும் வருகிறார், நீங்களும் வாருங்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள். ஒக்டோபர் பதினெட்டு, மொன்றியல். விளங்கியதோ என்னவோ என்று, கைகூப்பித் தமிழிலும் சொன்னாள்.

"எல்லாரும் கட்டாயம் வரவேணும்."

ஏழு பேரும் எழுந்தார்கள்.

ஒரு கதிரைகூடச் சத்தம் போடவில்லை.

"போட்டு வாறன்" என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. யாரும் வாசல்வரை வரவில்லை.

டொக்... டொக்... டொக்...

வெளியே வந்தாள். வெயில். முகிலின் அடையாளமே இல்லை. அருமைநாதன் ஓடிவந்தான், முகம் வெளிறியிருந்தது. பின்னால் வலன்ரைனும் ஒரு பொலிஸ்காரனும்.

"எங்கையடி போனனீ?"

"பத்து நிமிசம்தானே அண்ணை..."

"பத்து நிமிசமோ? மணி அஞ்சாகுது. மூண்டு மணித்தியாலமா இந்த ஊரைக் கிண்டுறம்!"

அவளுடைய மணிக்கூட்டில் இரண்டு ஐந்து. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டைக் காட்டப் போனாள். வாசலில் குறுக்கே பலகை அடித்திருந்தது. கூரை இல்லை. உள்ளே கல் குவியல், நடுவில் ஓர் அத்திமரம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது.

"கூரை இல்லாத வீட்டில கோப்பி குடிச்சவவாம்" என்றார் திரேசம்மா. "குமர்ப்பிள்ளை மூண்டு மணித்தியாலம் எங்க நிண்டது? ஆரோட நிண்டது? கேளன்ரா வலன்ரைன்."

வலன்ரைன் கேட்கவில்லை. வேறு பக்கம் பார்த்தான். அது கேட்பதைவிட மோசம்.

"அவைக்கு சல்வத்தோரேயைத் தெரியும்" என்று மெற்றில்டா அன்றிரவு அழுதுகொண்டு சொன்னாள்.

"அந்தக் கதையை இனி எடுக்காதையும். வேலைத்தலத்தில என்ர மானம் போகும்."

அவன் மேலாளிடம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. சித்தியின் ரெலிபோன் மட்டும் கேட்காமலே பேசியது. இவர்கள் மொன்றியலில் வந்து இறங்கும் முன்பே, பூசை முடிந்த கோயில் வாசலில் அந்தக் கதை நின்றது. மெற்றில்டாவின் பெரியப்பா பத்திநாதர் வலன்ரைனிடம் நேரே போய்க் கேட்டார், கட்டுகிறாயா, இல்லையா என்று. கட்டுகிறேன் என்றான். அதன் பிறகு மூன்று மாதம் அவன் அவள் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை.

தாலி கட்டும்போதும் பார்க்கவில்லை.

கோயிலிலிருந்து மண்டபத்துக்கு வந்தபோது பகல் மூன்று மணி. இருநூறு பேர். பாட்டு, பிள்ளைகளின் கூச்சல், கொத்துரொட்டி வாசம். மேடையில் மெற்றில்டா குனிந்த தலையோடு இருந்தாள்.

டொக்...

நிமிர்ந்தாள்.

கடைசி மேசை. கறுப்பு உடுப்பு. தலைமயிரில் வெள்ளைத் தூசி.

எண்ணத் தேவையில்லை. எண்ணினாள். ஏழு.

மாப்பிள்ளையின் துறைமுகத்து ஆட்கள் என்று பெண்பகுதியினர் நினைத்தார்கள். பெண்வீட்டுக்கு அயலில் இருக்கிற இத்தாலியர் என்று மாப்பிள்ளைப் பகுதியினர் நினைத்தார்கள். மொன்றியலில் அது இயல்புதான். அருமைநாதனே போய், "சாப்பிடுங்கோ" என்று கையால் காட்டிவிட்டு வந்தான். தட்டுகள் தொடாமல் கிடந்தன.

பிறகு எழுந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக... கதவை நோக்கி... திரும்பிப் பார்க்காமல்.

"என்ன சனமடா இது! செத்தவீட்டுக்கு வந்ததுகள் மாதிரிச் சொல்லாமல் போகுதுகள்" என்று பத்திநாதர் முணுமுணுத்தார். எங்களுக்குள் செத்தவீட்டில் மட்டும்தான் விடைபெறக் கூடாது. 'போட்டு வாறன்' என்றால், அந்தத் துக்கம் திரும்பி வரும் என்பார்கள்.

முன்மேசையில் முள்ளுக்கரண்டி விழுந்தது.

சல்வத்தோரே.

வலன்ரைன் அவரை வெளி நடையில் கண்டான். பெரிய உடம்பு சுவரோடு குந்தியிருந்தது. அங்கே இருந்தபடியே சொன்னார்.

முன்னால் போனது அவருடைய தாய். அடுத்து இரண்டு தமக்கைமார். மற்றவர்கள் சின்னம்மாமாரும் அயலட்டையும். 1961 மார்கழியில், பத்து நாள் விடாத மழைக்குப் பிறகு, அவருடைய பாட்டியின் உடலைச் சுற்றி இருந்த ஏழு பெண்கள்மேலும் கூரை இறங்கியது. ஒருவரும் மிஞ்சவில்லை.

"இந்த மண்டபத்தை அவர்களுக்கு யார் சொன்னது?" என்றார்.

வலன்ரைன் மேடைக்கு வந்தான். மூன்று மாதத்தில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீரோ கூப்பிட்டது?"

"ஓம்."

"என்னெண்டு?"

"கட்டாயம் வரவேணும் எண்டு..."

அவன் அவளுடைய கையைப் பிடித்தான்.

மெற்றில்டா அந்த ஊரில் மூன்று மணித்தியாலம் எவனோ ஓர் ஆண்பிள்ளையோடு இருந்தாள் என்று மொன்றியலில் இன்னும் சிலர் கதைக்கிறார்கள். அது பிழை. அந்த வீட்டில் ஆண்கள் எவரும் இருக்கவில்லை. ஆண்கள் எல்லோரும், இளைஞனாக இருந்த சல்வத்தோரே உட்பட, சவப்பெட்டி எடுத்துவரப் போயிருந்தார்கள்.